பயிரை இழுத்து வளர்த்தவன்

சீன மொழியில் நான்கே எழுத்துகளில் அமைந்த மரபுத்தொடர்கள் மிகப் பல. அவற்றுள் ஒன்று வயலிலிருந்து பிறந்ததாதலின், நம் அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். இழு, பயிர், உதவு, வளர் என்பனவே அந்நான்கு எழுத்துகளின் பொருள். பயிரை மேலே இழுத்து அது வளர உதவுதல் என்பது கருத்து.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்னும் அறிஞர் சொன்ன கதை இது. சோங் நாட்டில் ஒருவன் தன் இளம்பயிர் வளரவில்லையே என்று கவலையுற்றான். ஒவ்வொரு பயிரையும் பிடித்துச் சற்றே மேலே இழுத்துவிட்டான். களைத்து வீடு திரும்பி, பயிர் வளரத் தான் உதவி வந்ததாகக் கூறினான். மகன் ஓடிச் சென்று பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன.

நாற்றைப் பறித்து நடுகிறோமே, அது மட்டும் எவ்வாறு பிழைக்கிறது என்று உழவர் கேட்கலாம். பறித்த நாற்றை உழவர் சேற்றில் மறுபடி ஊன்றி, நீர் கட்டி, வேர் பிடிக்கும் வரை காத்திருக்கின்றனர். சோங் நாட்டானோ நுண்ணிய வேர்களை அறுத்துப் பயிரை அந்தரத்தில் விட்டுவிட்டான்.

மென்சியஸ் இதை வேளாண்மைக்காகச் சொல்லவில்லை. உள்ளத்தின் அறவலிமை நற்செயலால் சிறிது சிறிதாகத் திரள வேண்டியது. வலிந்து வருவிக்க இயலாது என்பதற்கே சொன்னார். பயனில்லை என்று களையெடுக்காமல் விடுபவனையும் அவர் அவ்விடத்திலேயே கண்டிக்கிறார். இந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தம் சோம்பலுக்கு இத்தொடரைச் சான்று காட்ட விரும்பும் காரியதரிசிகள் இதைக் கவனிப்பாராக.

பள்ளிப் பிள்ளையும் இத்தொடரை அறிந்த அந்நாட்டிலேயே கூட்டுறவு பட்ட பாடு நம் சிந்தனைக்குரியது. சங்கங்கள் மெதுவாகப் பெருகுகின்றன என்று 1955-ல் மா சே துங் கடிந்துகொண்டார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் குடியானவர் அநேகமாக அனைவரும் பண்ணைச் சங்கங்களில் சேர்க்கப்பட்டனர். விரும்பிச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று யாரும் நின்று கேட்கவில்லை. 1958-ல் சுமார் 7,40,000 சங்கங்கள் ஏறத்தாழ 26,000 கம்யூன்களாக இணைக்கப்பட்டன. அவ்வாண்டில் சிலவிடங்களில் பல வயல்களின் முற்றிய நெற்பயிரைப் பெயர்த்து ஒரே வயலில் நெருக்கி நட்டுப் பெருவிளைச்சல் என்று காட்டினர். குவாங்சிப் பகுதியின் ஹுவான்ஜியாங் வட்டத்தில், ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் 65 டன் நெல் விளைந்ததாகப் பத்திரிகையில் வெளிவந்தது! இத்தகைய காகித விளைச்சலைக் கணக்கிட்டே அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. 1959 முதல் 1961 வரை நேர்ந்த பஞ்சத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்பெருங்கேட்டுடன் நம் சிறு சங்கங்களை ஒப்பிடுதல் முறையன்று. எனினும் இழுக்கும் கை இங்கும் உண்டு. ஒரு சங்கத்தின் பேரேட்டில் தவணை தவறிய பாக்கி ஒரு காசும் இல்லாதது கண்டு நாம் மகிழ்ந்தோம். ரொக்கப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கிற்று. ஒவ்வொருவர் பெயரிலும் பழைய கடன் வரவான அன்றே, அசலும் வட்டியும் சேர்ந்த தொகை புதுக் கடனாகப் பற்றெழுதப்பட்டிருந்தது. பெட்டிக்குப் பணம் வரவேயில்லை. வராத அவ்வட்டியை லாபமாகக் காட்டிப் பங்காதாயமும் வழங்கியிருந்தனர். அடுத்த பருவத்தில் விதைக்கும் உரத்துக்கும் கடன் கேட்டு அங்கத்தினர்கள் வந்தபோது, கொடுப்பதற்குச் சங்கத்தில் பணமில்லை.