துளசிக்கு ஒரு விளக்கு

துளசி மாடத்தில் அகல் ஏற்றி வைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். ஆனால், அந்தத் துளசி உயிர் பிழைப்பதற்கே ஒரு மின்சார விளக்கு வேண்டியிருக்கும் என்று நம் பாட்டிமார்கள் கனவிலாவது நினைத்திருப்பார்களா? இன்று நிலைமை அப்படித்தான் இருக்கிறது. முற்றமும் கொல்லையும் போய், மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் என்று ஆகிவிட்டது. இருக்கிற வெயிலையும் எதிர்க் கட்டடம் மறைத்துக் கொள்கிறது. கூடத்து ஜன்னலோரம் கொண்டு வந்து வைத்த துளசி, முதலில் ஒல்லியாக நெட்டையாக வளர்கிறது. பிறகு இலை வெளுக்கிறது. நாலைந்து மாதத்தில் வெறும் குச்சி!

அதோடு போனால் பரவாயில்லையே! "துளசி பட்டுப் போனால் வீட்டுக்கு ஆகாதே" என்று யாராவது ஒருவர் சொல்லி வைக்கிறார். பழி யார் தலையில் விடியும் என்று நான் சொல்ல வேண்டுமா? தினம் தண்ணீர் ஊற்றிய மருமகளின் தலையில்தான். சகோதரிகளே, இந்த வழக்கில் உங்கள் பக்கம் வக்காலத்து வாங்க நான் தயார். அந்தத் துளசி தோஷத்தினால் சாகவில்லை, பட்டினியால் செத்தது. செடி தன் ஆகாரத்தைத் தானே சமைத்துக் கொள்கிறது. அந்த அடுப்புக்கு விறகு, வெளிச்சம். விறகு இல்லாத வீட்டில் தண்ணீரை எவ்வளவு ஊற்றினால்தான் உலை கொதிக்கும்?

"எங்கள் கூடம் பளிச்சென்று வெளிச்சமாகத்தானே இருக்கிறது?" என்பீர்கள். அது நம் கண் செய்கிற மாயம். நடுப்பகல் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். வெயில் நேரே விழாத ஜன்னலோரத்தில் ஓராயிரம், இரண்டாயிரம் தேறலாம். இரவில் குழல் விளக்குப் போட்ட கூடத்தில் 200 இருந்தாலே அதிகம். வெயிலில் ஐந்நூற்றில் ஒரு பங்கு! ஆனாலும் அந்த வெளிச்சத்தில் நாம் சௌகரியமாக ஊசியில் நூல் கோக்கிறோம். நம் கண் பாப்பா விரிந்து சுருங்கிச் சமாளித்துக் கொள்கிறது. இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆகவே, செடிக்கு விளக்கு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இலை மேல் எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் விழும்?" என்பதுதான். கடைக்காரர் இதைத் தவிர மற்றதெல்லாம் சொல்வார்.

அவர் முதலில் எடுத்து நீட்டுவது ஊதாவும் ரோஜாவுமாக மினுக்கும் ஒரு விளக்காக இருக்கும். கூடத்தில் போட்டால் வீடே நாடகக் கொட்டகை மாதிரி ஆகிவிடும். இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது வாஸ்தவம். அதை வைத்துச் செய்த விளக்கு இது. ஆனால் பச்சை ஒளியும் வீணல்ல. 1972-இல் அமெரிக்காவில் கீத் மக்ரீ என்ற விஞ்ஞானி பல பயிர்களின் இலைகளை எடுத்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பாய்ச்சி அளந்து பார்த்தார். பச்சையிலும் மஞ்சளிலும் கூட இலை நன்றாகவே வேலை செய்தது. எனவே, சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதும். அதற்குள்ளும் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் இருக்கின்றன. நம் கண்ணுக்கும் உறுத்தாது. இலையில் பூச்சி விழுந்தாலும் உடனே தெரியும். ரோஜா வெளிச்சத்தில் எந்த இலையும் கருப்பாகத்தான் தெரியும்!

அந்த விளக்கின் மேல் இரண்டு பொத்தான்கள் இருக்கும்: ஒன்று 'வெஜ்', மற்றொன்று 'ப்ளூம்'. நமக்குக் காய்கறி ஞாபகம்தான் வரும்! இது எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் மேல்நாட்டில் கஞ்சா வளர்ப்பவர்கள் வழங்கிய பாஷை. கானடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2018 அக்டோபரிலிருந்து ஒரு வீட்டில் 4 கஞ்சாச் செடி வரை வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே நிலவறையிலும் அலமாரியிலும் வைத்து வளர்ப்பவர்கள், செடி இலை விடும் காலத்தில் நாளுக்கு 18 மணி நேரமும், பூக்க வேண்டிய காலத்தில் 12 மணி நேரமும் விளக்கு எரிப்பார்கள். இலைப் பருவத்துக்கு ஒரு பொத்தான், பூப் பருவத்துக்கு ஒரு பொத்தான். நம் நாட்டிலோ 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 வருஷம் வரை கடுங்காவல். துளசிக்கும் கொத்தமல்லிக்கும் அந்தப் பொத்தான்களால் ஒரு உபயோகமும் இல்லை. அதற்கென்று கூடுதல் விலை கொடுப்பானேன்?

டப்பாவின் மேல் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள். அது இதற்கு 'சமமானது' என்ற கணக்கு. "சுவரிலிருந்து நிஜமாக எத்தனை வாட் இழுக்கும்?" என்று கேளுங்கள். 100 என்று பதில் வந்தாலும் வரும். பரணில் கிடக்கும் பழைய குண்டு பல்பையும் எடுத்து மாட்ட வேண்டாம். அது சாப்பிடும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது. கிட்டே வைத்தால் இலை கருகும், எட்ட வைத்தால் வெளிச்சம் போதாது.

ஒரு துளசித் தொட்டிக்கு 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று, மேலே குடை போல ஒரு மூடியுடன், போதும். செடியின் உச்சிக்கு முக்கால் அடி உயரத்தில் தொங்கட்டும். உயரம் மிகவும் முக்கியம்: தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் பாதியாவதில்லை, ஏறக்குறைய கால் பங்காகிவிடுகிறது. கூரையில் எரியும் விளக்கு செடிக்கு ஒன்றுமே இல்லாததன் காரணம் இதுதான். கொத்தமல்லி, கீரை வகைக்கு நாலடி எல்.இ.டி. குழல் விளக்குகள் இரண்டு, முடிந்தால் மூன்று, பக்கம் பக்கமாக அரை அடி உயரத்தில் கட்டலாம். உங்கள் கைப்பேசியிலேயே லக்ஸ் அளக்கும் செயலி உண்டு. இலையின் மேல் வைத்துப் பாருங்கள். 10,000-லிருந்து 15,000 வரை காட்டினால், தினம் 14 மணி நேரம் எரித்தால் துளசி பிழைத்துக் கொள்ளும். வெயிலின் உக்கிரம் இல்லாததை நேரத்தால் ஈடு கட்டுகிறோம். (ரோஜா விளக்கை இப்படி அளக்க முடியாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு.)

செலவா? 20 வாட், 14 மணி நேரம்: இரண்டு மாத ரசீதில் ஏறக்குறைய 17 யூனிட் கூடும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

"14 மணி நேரம் நல்லதென்றால் 24 மணி நேரமும் எரியட்டுமே" என்று தாராளம் காட்டாதீர்கள். செடிக்கு இரவும் வேண்டும். இது தெரிய வந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் 'மேரிலாந்து மாமத்' என்று ஒரு புகையிலை. கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வளருமே தவிரப் பூக்காது. அதே செடி, குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் சின்னதாக இருக்கும்போதே பூத்தது. கார்னர், அல்லார்டு என்ற இருவர் சூடு, ஈரம், உரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கடைசியில், கோடையிலேயே செடிகளைச் சாயந்திரத்துக்கு முன் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி வைத்தார்கள். பூத்துவிட்டது! 1920-இல் இதை வெளியிட்டார்கள். சில செடிகள் இரவின் நீளத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்கின்றன. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். கஞ்சா அந்த ஜாதி. நம் சாமந்தியும் அதே ஜாதி! இடையில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் போதும், எண்ணிக்கை கலைந்துவிடும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் சாமந்திக்கு இரவில் பல்பு எரிப்பது இதனால்தான். சீக்கிரம் பூத்துவிடாமல், காம்பு நீளும் வரை தள்ளிப் போடுகிறார்கள்.

உங்கள் பால்கனிச் சாமந்தி இலையாகவே தழைத்து, மொட்டே காணவில்லையா? உரத்தைக் குறை சொல்லுமுன், தெரு விளக்கு அதன் மேல் விழுகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். துளசிக்கு மாட்டிய விளக்கின் அடியில் சாமந்தியை வைக்கவே கூடாது.

விளக்கை நாள்தோறும் ஞாபகமாகப் போட்டு அணைப்பது சமையலுக்கு நடுவில் நடக்காத காரியம். ஒரு டைமர் வாங்கி, காலை 6 மணிக்கு எரிந்து இரவு 8 மணிக்கு அணையும்படி வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது விளக்கு அணைந்திருக்க வேண்டும். கம்பி செருகு பலகைக்கு நேரே இறங்காமல், கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளுத்துப்போன பழைய இலை மறுபடி பச்சையாகுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நுனித் தளிரைப் பாருங்கள். இலைக்கும் இலைக்கும் இடைவெளி குறைந்து, நெருக்கமாக, கருமையான பச்சையில் வந்தால் வெளிச்சம் போதுகிறது. இன்னும் நெட்டையாகவே ஓடினால், விளக்கை இரண்டு அங்குலம் இறக்குங்கள்.