ரதியின் மெட்டில் ஒப்பாரிக் கோச்சி



இந்த இதழ் உங்கள் லயத்துக்கு வந்து சேரும்போது மாசி பிறந்திருக்கும். பசறை, தெமோதரை, நமுனுகுலைப் பக்கத் தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றும் பேச்சும் தொடங்கியிருக்கும். இந்த நேரத்தில் ஒரு சிங்கள இசையமைப்பாளரைப் பற்றிச் சொல்ல ஆசை.

பிரேமசிறி கேமதாச 1937இல் வாத்துவையில் பிறந்தவர். சிறுவயதில் மூங்கில் குழல் ஊதிப் பழகியவர். வானொலி நேர்முகமும் பள்ளிப் பரீட்சையும் ஒரே நாளில் வர, பரீட்சையை விட்டுவிட்டு வானொலிக்குப் போனார். ‘கொலு ஹதவத்த’, ‘நிதானய’ படங்களின் இசை அவருடையது. ஆனால் அவர் மனம் கிடந்தது ஒப்பராவில். கோபம், கெஞ்சல், அழுகை எல்லாமே பாட்டாக வரும் நாடகம் அது. ‘மானசவில’, ‘தொரமடலாவ’, கடைசியாக ‘அக்னி’ என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேற்றினார். நாட்டார் மெட்டையும் மேற்கத்திய சேர்ந்திசையையும் துணிந்து கலந்தார். கிராமத்து ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து குரல் பயிற்சி கொடுத்தார். அவர்களைத்தான் மேடையில் நிறுத்தினார். 2008இல் மறைந்தார்.

அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் நம் காமன் கூத்துப் பொட்டல்தான் எனக்குக் கண்ணில் வருகிறது. தப்பு முழங்க, கூத்து மாஸ்டர் அடியெடுத்துக் கொடுக்க, ரதி வேடம் கட்டிய பையன் விடியும்வரை பாடுகிறான். ரதியின் கணவன் மதனைச் சிவன் எரித்த பிறகு அந்தப் பையன் எடுக்கும் புலம்பலுக்கு எந்த ஒப்பரா மேடையும் ஈடாகாது. பகலில் அவன் கவ்வாத்து வெட்டுகிறவன்.

நம் மலையகத்தில் எழுதுகிறவர்களும் இருந்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை இளவயதிலேயே ‘விஸ்மாஜினி’ என்ற இசை நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டினார்.

நம் பாட்டைத் திரட்டி நாடகமாக எழுதும் அந்த வேலை பாதியில் நிற்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை நம்மவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஸ்டேஷன் மேடையில் நின்ற அம்மாவும் பெட்டிக்குள் இருந்த மகளும் அழுத அழுகைக்கு ரதியின் மெட்டு அப்படியே பொருந்தும். அதை முழு இரவுக் கூத்தாக எழுத ஓர் இளைஞர் வரமாட்டாரா? எழுதினால் பாட்டு முழுவதையும் இந்த இதழிலேயே தொடராகப் போடுவோம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரின் பாட்டுக் கொப்பி பெட்டிக்குள் கிடந்தால், பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்புங்கள். கொப்பி அவரிடமே இருக்கட்டும். மாஸ்டரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். மெட்டு தெரிந்தவர் யாராவது இருந்தால் போனில் பாடவைத்துப் பதிந்தும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்