280 என்ற பொய்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போற்றுவோரிடையே 'அசல்' என்ற சொல்லுக்கு இன்று இருக்கும் மரியாதை வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. விற்பனைக்கு வரும் வண்டியின் விளக்கக் குறிப்பில் அச்சொல் இடம்பெற்றால் விலை ஏறுகிறது. உரிமையாளர் ஒரு ரப்பர் குழாயை மாற்றியிருந்தாலும் முகம் சுளிக்கிறார்கள். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும், அதில் கைவைப்பது குற்றம் என்பது இவர்கள் கட்சி. இக்கட்சி பிழையானது, பழைய டர்போ வண்டிகளைப் பொறுத்தவரை அவற்றைக் கொல்லக்கூடியதும்கூட என்பதே என் வாதம். பொதுப்படப் பேசினால் இரு தரப்பும் நழுவிக்கொள்ள இடமிருக்கும் என்பதால் ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 1989 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். ரசிகர்கள் 'ஆர்32' என்று குறிப்பிடுவது.

அது எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். 'குரூப் ஏ' என்ற பந்தயப் பிரிவில் வெல்வதற்காகவே அவ்வண்டி வரையப்பட்டது. அப்பிரிவின் விதிப்படி, டர்போ பொருத்திய எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கி, வரும் தொகையைக் கொண்டே வண்டி எந்த எடை வகுப்பில் சேரும், எவ்வளவு அகலமான டயர் போடலாம் என்று தீர்மானிப்பார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 2568 கன சென்டிமீட்டர் என்ற விநோத எண்ணாக அமைந்தது இதனால்தான். 1.7 ஆல் பெருக்கினால் சுமார் 4366; 4500 வகுப்புக்குள் அடங்கிவிடுகிறது. 1990 முதல் 1993 வரை அனைத்து ஜப்பான் டூரிங் கார் போட்டியின் 29 பந்தயங்களையும் இவ்வண்டியே வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நெடும்பந்தயத்தை 1991இலும் 1992இலும் வென்றது. களத்தில் அந்த எஞ்சின் 500 குதிரைத்திறனுக்கு மேல் தந்தது.

சாலைக்கு வந்த வண்டியின் ஏட்டில் எழுதப்பட்டதோ 280. ஏன் 280? ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்டிருந்த எழுதப்படாத உடன்பாடு அது. அந்த எல்லையைத் தாண்டி எவரும் அறிவிப்பதில்லை என்ற அந்த ஏற்பாடு 2004 வரை நீடித்தது. 280க்காகப் படைக்கப்படாத எஞ்சினை அந்த எண்ணுக்குள் அடக்க என்ன செய்தார்கள் தெரியுமா? டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் குழாயில் ஒரு சிறு அடைப்பைச் செருகினார்கள். அதை உருவி எடுத்தால் அழுத்தம் சுமார் 0.7 பாரிலிருந்து 1 பாரை நெருங்குகிறது. நம் தூய்மைவாதிகள் காக்கத் துடிக்கும் 'அசல்' நிலையில் இந்த அடைப்பும் அடக்கம். படைத்தவர்களின் கருத்தை அல்ல, அவர்கள் வாயில் திணிக்கப்பட்ட துணியையே இவர்கள் பாதுகாக்கிறார்கள்.

ஆலை செய்ததெல்லாம் இறுதிச் சொல் என்று எண்ணுபவர்கள், அந்த ஆலையே தன் வேலையை எத்தனை முறை திருத்தியது என்பதையும் பார்க்கவேண்டும். டர்போ என்பது எளிய தத்துவம். எஞ்சின் வெளித்தள்ளும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. ஆர்32இல் புகை சுழற்றும் சக்கரத்தைப் பீங்கானால் செய்தார்கள். எடை குறைவு என்பதால் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் அழுத்தத்தைக் கூட்டி, வெப்பமும் வேகமும் ஏறினால் தண்டிலிருந்து பிய்ந்து நொறுங்கும். நிசானுக்கு இது தெரியாததல்ல. 1990இல் பந்தய அங்கீகாரத்துக்காக 560 வண்டிகள் மட்டும் செய்த நிஸ்மோ பதிப்பில் பீங்கானை நீக்கி உலோகச் சக்கரம் வைத்தது. எண்ணெய் பம்பைச் சுழற்றும் கிராங்க் தண்டின் பிடிமுகம் தொடக்க கால வண்டிகளில் குறுகலாக இருந்ததால், உயர் சுழற்சியில் பம்பின் பல்சக்கரம் உடைந்தது. பின்னாளில் நிசானே அதை அகலப்படுத்தியது. பிரேக் போதவில்லை என்ற குறை நெடுநாள் இருந்தது. 1993இல் வந்த வி-ஸ்பெக் வகையில் பிரெம்போ பிரேக்குகள் ஏறின. எனில், இவற்றுள் எது அசல்? 1989இன் பிழையா, 1993இன் திருத்தமா?

இந்தப் பலவீனங்களைத் தெரிந்துகொண்டு, முப்பத்தைந்து வயதைக் கடந்த எஞ்சினைப் பிரிப்பவர் அதே குறுகிய பிடிமுகத்தையும் அதே பம்பையும் திரும்பப் பூட்டினால், அது பக்தியா பொறுப்பின்மையா? உயர் சுழற்சியில் இந்த எஞ்சின் தலைப்பகுதிக்கு அளவுக்கு மீறி எண்ணெயை ஏற்றிவிடுகிறது; அது கீழே திரும்புவதற்குள் எண்ணெய்த் தொட்டி வறண்டு பேரிங்குகள் தேய்கின்றன. மேலேறும் வழியைச் சற்றுக் குறுக்கி, இறங்கும் வழியை விரிவாக்கினால் அது உயிர் பிழைக்கும். பழைய கட்டுப்பாட்டுக் கணினிக்கு எண்ணெய் அழுத்தம் விழுந்தால் எஞ்சினை நிறுத்தத் தெரியாது. இன்றைய கணினிக்குத் தெரியும். சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும் 'நாக்கிங்' பிஸ்டனை உடைப்பதற்கு முன் தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கவும் அதனால் இயலும். இவையெல்லாம் வேகத்துக்கான மேம்பாடுகள் என்று பட்டியலில் எழுதப்படுகின்றன. என் கணக்கில் இவை ஆயுளுக்கான மேம்பாடுகள்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். பழைய வண்டி ஒரு வரலாற்று ஆவணம், ஆவணத்தைத் திருத்தலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆவணமாகச் சில வண்டிகள் தொடப்படாமல் இருக்கத்தான் வேண்டும்; ஜப்பானின் ஜாமா நகரில் நிசான் தன் பழைய வண்டிகளைச் சேர்த்துவைத்திருப்பது அதற்காகவே. ஆனால் ஆர்32 ஜிடி-ஆர் நாற்பதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அத்தனையும் ஆவணமாகிவிட்டால் வண்டி என்று சொல்ல எது மிஞ்சும்? தவிர, 'அசல்' என்ற கூச்சலின் வயதையும் கவனிக்கவேண்டும். 25 ஆண்டு கடந்த அயல்நாட்டு வண்டிகளைப் பாதுகாப்பு விதிகளிலிருந்து அமெரிக்கா விலக்குகிறது. 2014இல் ஆர்32க்கு அந்த வயது வந்தது; அமெரிக்கப் பணம் வந்தது; விலை ஏறியது; தூய்மையும் கூடவே ஏறியது. பூட்டிய கொட்டகையில், போர்வைக்கடியில், ஓட்டமானி நகராமல் கிடக்கும் வண்டி ஆவணமல்ல, வைப்புத்தொகை.

அதற்காக மறுகோடிக்கு ஓடுபவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1000 குதிரைத்திறன் என்று சொல்லிக்கொள்வதற்காகப் பெரிய ஒற்றை டர்போவைப் பூட்டி, அது விழித்தெழ 5000 சுழற்சி வரை காத்திருந்து, பழைய பிரேக்கோடும் நைந்த புஷ்களோடும் சாலைக்கு வருபவர்களும் அந்த வண்டியைப் படிக்காதவர்களே. பின்சக்கரங்களால் ஓடிக்கொண்டே, தேவைப்படும் கணத்தில் விசையில் பாதிவரை முன்சக்கரங்களுக்கு அனுப்பும் நுட்பமான சமநிலைதான் ஆர்32இன் உயிர். முதலில் பிரேக், பிறகு குளிர்விப்பு, பிறகு எண்ணெய், சக்தி கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர் எஞ்சினுக்கு எமனாகிறார்.

சுவடிப் பதிப்போடு பழகியவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது. செல்லரித்த ஏட்டில் எழுதுவோன் பிழையையும் பிசகாமல் படியெடுப்பது பதிப்பாகாது. தனக்குத் தோன்றியதை எழுதிச் சேர்ப்பதும் பதிப்பாகாது. பொருளறிந்து பாடத்தைத் தேர்வதும், கொள்ளாத பாடத்தை அடிக்குறிப்பில் காட்டுவதுமே பதிப்பு. எஞ்சினிலும் அந்த நேர்மையையே கேட்கிறேன். கழற்றிய உறுப்பை எறியாமல் பெயரெழுதி வையுங்கள். மாற்றியதைத் தேதியிட்டுக் குறியுங்கள். உடற்கூட்டை வெட்டாமல், திரும்பப் பூட்டத்தக்கவாறு மாற்றுங்கள்.

எல்லை எங்கே என்று கேட்பவர்களுக்கும் விடையுண்டு. 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் நிசான் ஓர் ஆர்32ஐக் காட்சிக்கு வைத்தது. எஞ்சினை அகற்றி, முன்னும் பின்னுமாக இரண்டு மின்மோட்டார்களைப் பொருத்தி, பழைய எஞ்சினின் ஓசையை ஒலிபெருக்கி வழியே எழுப்பும் வண்டி. அந்த முயற்சியை நான் இகழமாட்டேன். ஆயினும் அது மொழிபெயர்ப்பு. மூலத்தின் புதிய பதிப்பு அல்ல. அதே நிசானின் நிஸ்மோ பிரிவு, நின்றுபோன ஆர்32 உதிரிகளை 2017 டிசம்பர் முதல் மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. வண்டிகள் ஓடவேண்டும் என்ற எண்ணம் படைத்தவனுக்கே இருக்கும்போது, வாங்கியவர்கள் அவற்றைப் போர்வைக்குள் பொத்திவைப்பது என்ன நீதி?

இனி எவரேனும் தம் ஆர்32 முழுக்க முழுக்க அசல் என்று பெருமை பேசினால், அதன் சுழற்சிமானியில் சிவப்புக் கோடு தொடங்கும் 8000 வரை ஒருமுறை ஏற்றிக்காட்டச் சொல்லுங்கள். அது அந்த வண்டி பிறந்ததன் காரணம். அவர் தயங்கினால், தயக்கம் எண்ணெய் பம்பைப் பற்றியதா, விலையைப் பற்றியதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.