மார்க்குப் போட்ட சரக்கல்ல, மனிதர்கள் நாம்!

புதிய உபதேசம் ஒன்று நாட்டில் உலவுகிறது. உனக்குள் நீயே எட்டிப் பார். உன்னிடம் உள்ள சிறப்பைக் கண்டுபிடி. அதற்கு மெருகேற்றி, பெயர் சூட்டி, கடைத்தெருவில் வை. அப்புறம் வேலை உன்னைத் தேடி வரும், கூலி உயரும் என்கிறது அந்த உபதேசம். யானை மார்க்கு, மான் மார்க்கு என்று சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் மார்க்கு இருப்பது போல ஒவ்வொரு மனிதனும் தனக்கென ஒரு மார்க்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம்!

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் நம் பிள்ளைகளின் காதிலும் இது ஓதப்படுகிறது. கைப்பேசியைத் திறந்தால் இதே பேச்சு. வேலை கிடைக்காத பிள்ளை, 'என்னை நான் சரியாக விளம்பரம் செய்துகொள்ளவில்லை' என்று தன்னையே நொந்துகொள்கிறான். வேலை கொடுக்காதவன் மீது அவனுக்குக் கோபம் வருவதில்லை. இதனால் யாருக்கு லாபம் என்று நாம் கேட்க வேண்டாமா?

உபதேசம் பிறந்த இடம்

1997ல் அமெரிக்காவில் டாம் பீட்டர்ஸ் என்ற நிர்வாக ஆலோசகர் 'ஃபாஸ்ட் கம்பெனி' என்னும் வியாபாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இந்த உபதேசம் பிரசித்தி பெற்றது அதிலிருந்துதான். ஒவ்வொருவரும் தன் பெயரில் தானே ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்குத் தானே தலைவர் என்பது அதன் சாரம். ஒரே கம்பெனியில் ஆயுள் முழுதும் வேலை என்ற நம்பிக்கை அங்கே தகர்ந்து, ஆட்குறைப்பு மேல் ஆட்குறைப்பாக நடந்து முடிந்திருந்த காலம் அது. உத்தியோகம் நிலையில்லை என்று ஆனதும், 'கவலைப்படாதே, நீயே ஒரு முதலாளி' என்று ஆறுதல் சொல்லப்பட்டது!

மார்க்கு என்பதற்கு இங்கிலீஷில் வழங்கும் 'பிராண்டு' என்ற சொல்லின் மூலம் என்ன? எரிப்பது, சூடு போடுவது. இந்த மாடு இன்னாருடையது என்று தெரிய, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதன் தோலில் வைத்த அடையாளம் அது. அமெரிக்கக் கண்டத்தில் அடிமைகளின் உடம்பிலும் அதே இரும்பை வைத்தார்கள். சூட்டு அடையாளம் மாட்டின் குணத்தைச் சொல்லவில்லை. அதன் சொந்தக்காரன் யார் என்பதைத்தான் சொன்னது. இன்று அந்தச் சூட்டுக்கோலைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்கிறார்கள்.

பெயர் மாற்றும் வித்தை

உணவுப் பொட்டலத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் மோட்டார் சைக்கிளில் ஓடும் இளைஞனைப் பாருங்கள். கம்பெனி அவனைத் தொழிலாளி என்று சொல்வதில்லை. 'பார்ட்னர்', அதாவது கூட்டாளி என்கிறது. லாபத்தில் பங்கில்லாத கூட்டாளி! வாடிக்கைக்காரர் போடும் நட்சத்திரம்தான் அவனுடைய மார்க்கு. நட்சத்திரம் குறைந்தால் வேலை குறையும். 2020-21ல் இந்தியாவில் இப்படி வேலை செய்வோர் 77 லட்சம் பேர் என்று மத்திய சர்க்காரின் நிதி ஆயோக் 2022ல் கணக்கிட்டது. பெயரை மாற்றிவிட்டால் விடுமுறை இல்லை, போனஸ் இல்லை, வேலைநீக்கத்துக்குக் கேள்வி இல்லை. 2021 பிப்ரவரி 19ல் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட் ஊபர் டிரைவர்கள் வழக்கில் தீர்ப்பளித்தது. காகிதத்தில் எழுதிய பெயரை அது ஏற்கவில்லை. செய்கிற வேலையைப் பார்த்தது. அவர்கள் தொழிலாளிகளே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் அவர்களுக்கு உண்டு என்று சொன்னது.

தன் பெயரைத் தானே வைத்தவர்கள்

நம் காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே நடந்த சம்பவம் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் கம்பெனியின் ஆலை இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், டெலிவிஷன் ஆகியவற்றைச் செய்யும் ஆலை. அங்குள்ள தொழிலாளர்கள் 2024ல் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். ரிஜிஸ்தர் செய்ய மனுக் கொடுத்தார்கள். கம்பெனி ஆட்சேபித்தது. அந்தப் பெயர் எங்கள் வியாபார முத்திரை, அதைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது!

தங்கள் கையால் பூட்டி முடுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெயரைத் தாங்கி அனுப்புகிறவர்கள் தொழிலாளர்கள். அந்தப் பெயரின் மதிப்பில் அவர்களுடைய வியர்வையும் சேர்ந்திருக்கிறது. சங்கம் சரக்கு விற்கும் கடை அல்ல. எந்த ஆலையின் தொழிலாளர் என்று சொல்லிக்கொள்வதற்கே அந்தப் பெயர். கம்பெனியின் மார்க்கைச் சுமக்கும் கைகளுக்கு, நாங்கள் இந்த ஆலைக்காரர்கள் என்று சொல்ல உரிமை இல்லையாம்!

2024 செப்டம்பர் 9ல் வேலைநிறுத்தம் துவங்கியது. 37 நாள் நீடித்தது. பதிவு விவகாரம் சென்னை ஹைகோர்ட் வரை போயிற்று. 2025 ஜனவரியில் அவர்கள் வைத்த பெயரிலேயே சங்கம் பதிவாயிற்று. தன்னைத் தேடிக் கண்டுபிடிப்பது என்றால் இதுவல்லவா? அவர்கள் கண்ணாடி முன் நின்று தேடவில்லை. பக்கத்தில் நின்ற தோழனின் முகத்தில் தேடினார்கள்.

வயலிலும் இதே கதைதான். கீழத் தஞ்சையில் பண்ணையாள் என்பவனுக்கு அடையாளம் எது? ஜாதிப் பெயரும் மிராசுதாரின் பெயரும்தான். சவுக்கடியும் சாணிப்பாலும் அவனுக்குத் தண்டனை. நாமும் மனிதர்தானே என்ற எண்ணம் எழுந்தபோது, அதை ஒவ்வொருவனும் தனித்தனியே மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் சவுக்கு ஓய்ந்திருக்காது. 1940களில் சங்கமாக நின்று தடுத்தார்கள். 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கடல் கடந்தும் இதுவே. 1968ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டி இயந்திரத்தில் நசுங்கி இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நரைத்த தலைக்காரர்களையும் 'பையா' என்று கூப்பிட்ட ஊர் அது. அவர்கள் கையிலிருந்த அட்டைகளில் எழுதியிருந்தது ஒரே வாசகம்: 'நான் ஒரு மனிதன்'. 'நான்' என்றுதான் எழுதினார்கள்; ஆனால் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பிடித்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ல் அந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ல் நகரசபை சங்கத்தை அங்கீகரித்து ஒப்பந்தம் செய்தது.

சுயவிமர்சனம் வேண்டும்

தன்னைத் தானே பார்த்துக்கொள்வது கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேண்டும், அவசியம் வேண்டும். குடித்துவிட்டுக் கூலியைத் தொலைப்பவன், வீட்டில் பெண்டாட்டியை அடிப்பவன், பக்கத்து மெஷின்காரனின் ஜாதியை விசாரிப்பவன், மேஸ்திரியிடம் கோள் சொல்பவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். தொழிலை நன்றாகக் கற்றவன், நான் இன்னது தெரிந்தவன் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லட்டும். அது தற்பெருமை அல்ல. நூல் அறுந்த இடத்தை விரல் நுனியில் உணர்பவளும், நாற்றின் நிறத்தைப் பார்த்தே நீர் போதுமா என்று சொல்பவளும் வித்தை தெரிந்தவர்களே. அந்த வித்தையை 'சாதாரண வேலை' என்று பெயரிட்டுக் கூலியைக் குறைப்பவர்களிடம்தான் நமக்குத் தகராறு.

ஆகவே ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த தொழில்கள் எவை? எத்தனை வருஷம் எங்கெங்கே உழைத்தேன்? எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, பிடித்தம் எவ்வளவு? பி.எப். எண், இ.எஸ்.ஐ. எண் என்ன? சம்பளச் சீட்டு கையில் இருக்கிறதா? இவை விளம்பரத்துக்கு உதவாது. ஆனால் கண்டிராக்டர், 'நீ யார், உன்னைத் தெரியாது' என்று கைவிரிக்கும் நாளில் உதவும். எழுதியதைப் பக்கத்துத் தோழருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் நோட்டிலும் ஒரே பிடித்தம், ஒரே ஏமாற்று இருப்பது தெரியவரும். தனி ஆளின் குறை என்று நினைத்தது அனைவரின் குறை என்று புரியும். அந்த நிமிஷத்தில்தான் 'நான் யார்' என்ற கேள்விக்குப் பதில் பிறக்கிறது.

மார்க்கு ஒட்டிய சரக்குகள் கடையில் ஒன்றோடொன்று போட்டி போடும். மனிதர்கள் கைகோத்து நிற்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்போம்.