பின்சக்கரத்தின் சாய்வு

காரின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் இளைஞர்கள் சிலர், நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க பின்புற சஸ்பென்ஷன் ஆர்ம்களை வீட்டு வாசலிலேயே பொருத்துகிறார்கள். இதை வெறும் பகட்டென்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உயரம் குறைந்தால் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாயும். டயரின் உட்புறம் விரைவில் தேயும். அச்சாய்வைத் திருத்தவே இந்த ஆர்ம்கள். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே குறுக்குத் தண்டால் பிணைந்த நம் சிறிய கார்கள் பலவற்றில் இவற்றுக்கு வேலையே இல்லை என்பதும், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவனுக்கு எளிதில் விளங்கும். கைவேலை தரும் கல்வி அது.

ஆனால் அக்கல்விக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையலாகாது. உறுதியான ஸ்டாண்டு வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்குண்டு நாளடைவில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். அதன்பின் வீல் அலைன்மென்ட் பாராமல் சாலையேறுவது அறமன்று.

கோரிமேட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிப்மருக்கு நோயாளிகளைச் சுமந்துவரும் வண்டிகள் ஓடும் சாலை இது. எல்லையைத் தாண்டினால் வரி மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாறாது. உற்பத்தியாளர் வகுத்ததை விருப்பம்போல் மாற்றலாகாதென்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே ஸ்பேனரைக் கையிலெடுப்பது நல்லது.