சான்றிதழில் அடங்காத கல்விப் பின்னணி

நடைமுறை இறையியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் மாணவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, எங்கே படித்தார், என்ன பட்டம் பெற்றார் என்பதே. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியாகவும் நின்றுவிடுகிறது. எந்தச் சபையில் எத்தனை ஆண்டு ஊழியம் செய்தார், துக்க வீட்டில் எந்த மொழியில் ஆறுதல் சொன்னார் என்பன “அனுபவம்” என்ற தலைப்பின்கீழ் விண்ணப்பத்தின் இறுதிக்குத் தள்ளப்படுகின்றன. வேறு துறைகளுக்கு இம்முறை பொருந்தலாம். நடைமுறை இறையியலுக்கு இது அடிப்படையிலேயே தவறு.

செராம்பூர் கல்லூரி 1818இல் தொடங்கப்பெற்று, 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதன் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில் பி.டி., எம்.டிஎச்., டி.டிஎச். என்று ஏறும் படிகளை எவரும் எளிதாக எண்ண முடியும். எபிரேயமும் கிரேக்கமும் திருச்சபை வரலாறும் கற்பது வீணன்று. ஆனால் சித்தூர்ப் பக்கத்துச் சபை ஒன்றை ஆராயப் புறப்பட்டவர், ஒரு மூதாட்டி தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கும் மன்றாட்டைப் பின்தொடர முடியாமல் விழித்தால், குறை மூதாட்டியின் பேச்சிலா, ஆய்வாளரின் பின்னணியிலா?

இந்தத் தவறுக்கு நீண்ட வேர் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1811இல் இறையியலை ஒரு மரமாக உருவகித்து, மெய்யியலை வேராகவும் வரலாற்றை அடிமரமாகவும் நடைமுறையை முடியாகவும் வைத்தார். முடி என்பது பெருமைதான். எனினும், வேரிலிருந்து ஏறிவரும் சாற்றைப் பெற்றுக்கொள்வதே நடைமுறையின் வேலை என்ற எண்ணம் அதனோடு நிலைத்தது. அமெரிக்க அறிஞர் டான் பிரௌனிங் 1991இல் இதை மறுத்தார்: இறையியல் நடைமுறையில் தொடங்கி, கோட்பாட்டின் வழியாகச் சென்று, மீண்டும் நடைமுறைக்கே திரும்புகிறது என்றார். இதை ஏற்கும் துறை, தன் மாணவரின் நடைமுறையைக் கல்வியாக ஏற்க மறுப்பது முரண்பாடு.

சித்தூரை எடுத்துக்கொள்வோம். 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த மாவட்டம் அது. அதிலிருந்து திருத்தணி 1960இல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, வீட்டு மொழிகள் நகரவில்லை. இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் அங்கு உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரை ஆந்திர அரசு பிற்படுத்தப்பட்டோரின் ‘சி’ பிரிவில் வைத்திருக்கிறது. அதனால் ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயருமாக வாழும் குடும்பங்கள் உண்டு. ஞானஸ்நானம் பெற்றால் மகனின் சாதிச் சான்றிதழ் என்னவாகும் என்று ஒரு தாய் கேட்கும்போது, போதகர் சொல்லும் விடை எதுவோ அதுவே நடைமுறை இறையியல். அந்தக் கேள்வி நூலகத்தில் எழுவதில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் விளைந்த நம்பிக்கை இல்லாவிடில், அத்தாய் அதை வாய்திறந்து கேட்கவும் மாட்டார்.

செய்முறையும் அறிவே என்பதைத் திருப்பதிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருமலையில் வைகானச ஆகமம், திருச்சானூரில் பாஞ்சராத்திரம் என்ற வேறுபாட்டை அர்ச்சகர் ஏட்டில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, கைப்பழக்கமாகவும் பெறுகிறார். மார்கழியில் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கும் ஊர் அது. வழிபாட்டின் மொழி எது என்ற வினா அங்கே வெறும் ஏட்டுவினா அன்று.

சான்றிதழ் ஒருவரின் கேள்வியைக் காட்டாது என்பதற்கும் அவ்வூரிலேயே சான்று உண்டு. 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டியலை மட்டும் பார்ப்பவர் அவரைப் பற்றி வேறு கணக்குப் போட்டிருப்பார். அவரோ வேதாந்தத்தின் அறநெறி குறித்து முதுகலை ஆய்வேடு எழுதினார். இந்து சமயத்தின்மீது கிறிஸ்தவர்கள் வைத்த விமர்சனம் மனத்தில் தைத்ததே அவரை அத்திசையில் செலுத்தியது.

அனுபவத்தைக் கணக்கில் எடுத்தால் ஆய்வின் தரம் தாழும் என்பது வழக்கமான மறுப்பு. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு அதற்கு விடை. ‘பறட்டை அண்ணன்’ என்று அறியப்பட்ட அவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாக விரித்தார். சேரி மக்களின் பாட்டும் பானையும் அவருக்கு மேற்கோள் நூல்களாயின. அதனால் இறையியல் தாழவில்லை. தமிழில் கால் ஊன்றியது.

அனுபவம் என்று எதையும் கண்ணை மூடி ஏற்க வேண்டியதில்லை. பத்தாண்டு ஒரே பிழையைச் செய்தவரும் உண்டு. ஆகவே அதைத் தேர்வு செய்க: ஊழியக் களத்தில் எதிர்ப்பட்ட ஒரு சிக்கலை மாணவர் எழுத்தில் ஆராய்ந்து காட்டட்டும், களத்து மக்களின் மொழியில் நேர்காணல் நடத்திக் காட்டட்டும், ஆய்வேட்டைத் தமிழிலோ தெலுங்கிலோ அளிக்க வழி பிறக்கட்டும். சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் அருகில் வாழும் சபைகளைப் பற்றிய ஆய்வு, அச்சபையார் படிக்க முடியாத மொழியிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்? அவர்கள் படித்து, “இல்லை, எங்கள் வாழ்க்கை இப்படியன்று” என்று மறுக்கக் கூடிய ஆய்வேடே நடைமுறை இறையியல் என்ற பெயருக்கு உரியது.