இல்லமும் தொழிலும்: படகில் ஒரு கருவிப் பெட்டி

நம் சங்கத்துக் குடும்பங்களுள் தூத்துக்குடி, குமரி, இராமநாதபுரம் கடற்கரையைப் பிறந்த மண்ணாகக் கொண்டவை பல. இங்கே ஆலையிலும் அலுவலகத்திலும் உழைக்கும் நம்மவரின் தமையனோ மைத்துனனோ ஊரில் இன்றும் கடலுக்குப் போய் வருகிறார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவருக்கு என்ன வாங்கிச் செல்வது என்று சகோதரிகள் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. வேட்டியும் கைக்கடிகாரமும் வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். அவற்றோடு இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரு நல்ல குறடும் சேர்த்து வாங்கிச் செல்லுங்கள் என்றே சொல்வோம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். கடலில் எஞ்சின் நின்றுபோன படகில் ஓர் இரவைக் கழித்தவர் எவரும் சிரிக்கமாட்டார்.

சாலையில் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம். வருவோர் போவோரைக் கூப்பிடலாம். கடலில் அதற்கு வழியில்லை. நின்ற படகு நின்ற இடத்திலேயே இருப்பதுமில்லை. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகமுள்ள மெல்லிய நீரோட்டங்கூடப் பத்து மணி நேரத்தில் இருபது கிலோமீட்டர் இழுத்துச் சென்றுவிடும். பாக் நீரிணையில் இதன் பொருள் வேறு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைவெளி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு தண்ணீரின்மேல் தெரிவதில்லை. எஞ்சின் கெட்டு ஒழுக்கில் சென்றவனும் எல்லை தாண்டியவனாகவே பிடிபட நேரும். சில ரூபாய் பெறும் ஓர் உதிரிப்பாகம் இல்லாமையால் ஒரு குடும்பத்தின் படகும் பிழைப்பும் அயல்நாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்கக்கூடும்.

நம் பாட்டன்மாருக்கு இந்தக் கவலை இல்லை. கட்டுமரத்தில் பாயும் துடுப்பும் இருந்தன. கச்சானும் வாடையும் அறிந்து போய் வந்தார்கள். கொல்லத்தையடுத்த நீண்டகரையில் 1953-இல் தொடங்கிய இந்திய–நார்வேத் திட்டம் எஞ்சின் படகுகளுக்கு நம் நாட்டில் வழிகாட்டியது. 1980-களில், படகின் பின்புறத்தில் மாட்டும் சிறு எஞ்சின்கள் தென்கரையெங்கும் பரவின. உழைப்பு குறைந்தது, எட்டும் தூரம் கூடிற்று. அதே வேளையில் பாய் கரையேறிவிட்டது. எஞ்சின் வந்ததில் நமக்கு வருத்தமில்லை. பாயையும் துடுப்பையும் வீட்டில் போட்டுவிட்டுப் போகும் வழக்கந்தான் நமக்குப் பொறுக்கவில்லை.

நிற்க. பெட்டியைப் பார்ப்போம்.

இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். தகரப்பெட்டி வேண்டா, உப்புக்காற்று ஒரு பருவத்தில் அதைத் தின்றுவிடும். உள்ளே எண்ணெயில் நனைத்த பழந்துணியில் கருவிகளைச் சுற்றி வைக்க வேண்டும். பெரியதும் சிறியதுமாக இரண்டு திருப்புளி, ஒரு குறடு, அந்த எஞ்சினின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர்கள், பிளக்கைக் கழற்றும் குழல் ஸ்பானர், கூரிய கத்தி, சிறு சுத்தியல் ஆகியவை இருந்தால் கடலில் செய்யக்கூடிய வேலை அனைத்தையும் செய்துவிடலாம். அதற்குமேல் வேண்டிய வேலை கரையில் செய்யும் வேலை. ஒவ்வொரு கருவியிலும் ஒரு முழம் நூற்கயிறு கட்டி, வேலை செய்யும்போது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது நல்லது. ஆடும் படகின் பின்விளிம்பில் குனிந்திருப்பவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவினால் அது கடலுக்கே சொந்தம். எஞ்சினுக்குக் கீழே துணியோ பழைய வலைத்துண்டோ விரித்துக் கட்டிக்கொண்டால் கழற்றிய திருகாணிகளும் தப்பும்.

உதிரிப்பாகங்களுள் மிகச் சிறியதைப் பற்றியே நாம் மிகுதியாகச் சொல்ல விரும்புகிறோம். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் புரொப்பல்லர் என்னும் விசிறியைத் தண்டோடு பிணைப்பது, சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஓர் ஊசி. ஷியர் பின் என்பார்கள். அது வேண்டுமென்றே மெல்லிய உலோகத்தில் செய்யப்பட்டது. விசிறி பாறையிலோ மரக்கட்டையிலோ மோதும்போது ஊசி முறிந்து, உள்ளிருக்கும் பற்சக்கரங்களைக் காப்பாற்றுகிறது. எஞ்சின் முழக்கத்தோடு ஓடியும் படகு நகரவில்லையென்றால் பெரும்பாலும் முறிந்தது இதுவே. மாற்று ஊசி இருந்தால் சற்று நேர வேலை. இல்லையேல் துடுப்பு வலிக்க வேண்டியதுதான். சிலர் இரும்பு ஆணியை வெட்டி அடித்துக்கொள்கிறார்கள். அது முறியாது, அடுத்த மோதலில் முறிவது பற்சக்கரமாக இருக்கும். ஆகையால் நான்கு ஊசிகளும், விசிறியின் நட்டைக் கட்டும் பிளவு ஊசிகள் சிலவும், ஒரு மாற்று நட்டும் பெட்டியில் என்றும் இருக்க வேண்டும். சற்றுப் பெரிய எஞ்சின்களில் ஊசிக்குப் பதிலாக விசிறியின் நடுவே ரப்பர்ப் பூண் உண்டு. அங்கே முழு விசிறியையே மாற்றாக எடுத்துச் செல்வது வழக்கம்.

அடுத்தது கயிறு. இழுத்து முடுக்கும் கயிறு அறுந்தால் எஞ்சினுக்கு உயிரில்லை. மேல்மூடியைக் கழற்றிச் சுழற்சக்கரத்தின் வெட்டில் முடிச்சை மாட்டிச் சுற்றி இழுப்பதற்கென ஒன்றரை மீட்டர் அளவில் தனிக்கயிறு, ஒரு முனையில் முடிச்சும் மறுமுனையில் மரக்கைப்பிடியுமாக, ஆயத்தமாக இருக்க வேண்டும். இழுக்குமுன் கியர் நடுநிலையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூடியில்லாமல் சுழலும் சக்கரத்தருகே லுங்கியும் துண்டும் வரக்கூடாது.

எஞ்சின் கிளம்பவில்லையென்றால் உடனே பிளக்கைக் கழற்றுவது நம்மவர் வழக்கம். அதற்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. எண்ணெய்த் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அதை மறந்து, ஒரு கிலோமீட்டர் போனதும் எஞ்சின் மூச்சுத் திணறி நின்ற கதைகள் எந்தத் துறையிலும் கேட்கலாம். குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழை அழுத்தினால் கெட்டியாகிறதா? எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கொக்கி மாட்டியிருக்கிறதா? எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா? இவையெல்லாம் சரியென்றால்தான் பிளக். அதன் முனை கரி படிந்தோ நனைந்தோ இருந்தால் துடைத்து மாட்டலாம். புதிதாக ஒன்று கைவசம் இருந்தால் அந்த ஐயமே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில் கரி விரைவில் படியும் என்பதை அன்பர்கள் அறிவர். அவ்வகை எஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். வலையிழுத்து முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். அப்போது பெட்ரோல் இல்லையெனில் மண்ணெண்ணெய் மட்டும் அதைக் கிளப்பாது. ஆகவே இறுக மூடிய கேனில் ஒரு லிட்டர் பெட்ரோலும் உதிரிப்பாகமே.

குளிர்நீர் வெளியேறும் சிறு தாரையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். தாரை நின்றால் எஞ்சினை நிறுத்திக் காலைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை உறிஞ்சு துளையை மூடியிருக்கும். நகரத்தில் நாம் எறியும் பைகள் எங்கே போகின்றன என்பதற்கு இதுவும் ஒரு விடை. துளையைக் குத்திவிட ஒரு துண்டுக் கம்பி போதும்.

நீண்ட தண்டுடைய டீசல் எஞ்சின் வைத்திருப்போருக்குப் பிளக் இல்லை. அவர்களுக்கு வேண்டியவை மாற்று டீசல் பில்டரும், செம்பு வாஷர்களும், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றத் தெரிந்த ஒரு கையும்.

இவற்றோடு மின்நாடா, மெல்லிய கம்பி, குழாய்ப் பிடிப்புகள் சில. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டிய பட்டைகளை எத்தனை வைத்தாலும் மிகையில்லை: கசியும் குழாயைச் சுற்றலாம், உடைந்த கைப்பிடியைக் கட்டலாம். பைபர் படகில் வெடிப்பு விட்டால் அடைக்கத் துணியும் மரக்கட்டை ஆப்புகளும் எபாக்சி மாவும் வேண்டும். நீர் இறைக்கக் கயிறு கட்டிய வாளி வேண்டும். வலையூசியும் நூலும் நாம் சொல்லாமலே இருக்கும்.

இரண்டு துடுப்பு, தார்ப்பாயில் தைத்த சிறு பாய், போதிய நீளக் கயிறுள்ள நங்கூரம் ஆகிய மூன்றும் பெட்டிக்குள் அடங்காவிட்டாலும் பெட்டியைச் சேர்ந்தவையே. ஆழத்தைப்போல் மும்மடங்கேனும் கயிறு இல்லையேல் நங்கூரம் தரையைக் கவ்வாது. ஆழ்கடலில் நங்கூரம் எட்டாதபோது வாளியையோ வலைமூட்டையையோ முன்னணியத்தில் கயிறு கட்டி விட்டால், படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், ஒழுக்கும் குறையும்.

2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரிக் கடலில் நம்மவரைக் கொண்டுபோனதை இங்கே ஒப்பிட நாம் துணியமாட்டோம். அத்தகைய காற்றை எந்தப் பெட்டியும் எதிர்க்காது; அதற்கு வேண்டியது காலத்தில் வரும் எச்சரிக்கை. ஆயினும் உதவி கேட்கும் வழியைப் படகிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கைப்பேசிக்கு அலை கிடைக்கும் தொலைவில் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண், வி.எச்.எப். வானொலியில் 16-ஆம் அலைவரிசை. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி இருந்தால் அது. இரவுக்கு டார்ச்சும் மாற்று பேட்டரிகளும், பகலில் ஒளி காட்ட ஒரு கண்ணாடித் துண்டும், குடிநீரும்.

வாங்கி அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். “அண்ணனுக்கு ஒரு பிளக்” என்று கடையில் கேட்டால் எதையாவது தருவார்கள். எஞ்சினின் பெயர்த்தகட்டையும் பழைய பிளக்கின் எழுத்துகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதே குறியுள்ளதை வாங்க வேண்டும். மலிவான போலிகள் நிறைய உலவுகின்றன. விலை மிகக் குறைவாயிருந்தால் ஐயுற வேண்டும். வாங்கியதைக் கரையிலேயே ஒருமுறை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓடிய பழையதைத் துடைத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்தது அதுவே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறைக்கு நாம் ஊர் செல்லும் நாட்களும் அவையே. விசைப்படகில் தொழில் செய்வோர் அப்போது கரையில் இருப்பார்கள். பெட்டியைத் திறந்து, துருப்பிடித்தது எது, தீர்ந்துபோனது எது என்று உடனிருந்து பார்த்து, பட்டியல் எழுதிக்கொண்டு திரும்பலாம்.